மைக்ரோவேவ்: பயப்பட வேண்டிய இடம் வேறு

மைக்ரோவேவ் அடுப்பு உள்ள வீடுகளில் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். சாம்பார்க் கிண்ணத்தை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, பட்டனை அழுத்தியதும் இரண்டு எட்டு பின்னால் போய் நிற்பார்கள். குழந்தை கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால், "கிட்டப் போகாதே, ரேடியேஷன்" என்று ஓர் அதட்டல் விழும். அதே அடுப்பின் மேல் பூப்போட்ட துணி விரித்து, அதன்மேல் ஹார்லிக்ஸ் பாட்டிலும் மாத்திரை டப்பாவும் வைத்திருப்பார்கள். அடுப்பின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும். மிக்ஸிக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் பொதுவான எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அதன் பிளக் செருகியிருக்கும். அந்தத் துணியையும் பெட்டியையும் பார்த்து யாரும் பின்வாங்குவதில்லை.

குரோம்பேட்டை, சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த அடுப்பில் கேக் செய்பவர்கள் குறைவு. ராத்திரி மின்ரயிலிலோ ஓஎம்ஆரிலிருந்து கம்பெனி வண்டியிலோ வந்து இறங்குபவருக்குக் காலையில் வைத்த குழம்பைச் சூடாக்குவது, ஹோட்டல் பார்சலைச் சூடாக்குவது, ஒரு டம்ளர் வெந்நீர் போடுவது, பெரும்பாலும் இவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையில் மெய்யான ஆபத்துகள் உண்டு. வெந்நீர், மின்சாரம், பிளாஸ்டிக், நாளெல்லாம் வெளியே கிடந்த சோறு ஆகியவை அந்த வரிசையில் முன்னால் வருகின்றன. நுண்ணலைக்குக் கடைசி இடம்தான். நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது.

முதலில் அந்த அலையைப் பார்த்துவிடலாம். வானொலி அலை, ஒளி, எக்ஸ்ரே எல்லாமே மின்காந்த அலைகள்தான். அலைநீளம் மட்டும் வேறுபடும். அடுப்புக்குள் ஓடுவதன் அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ், நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். வீட்டு வைஃபை இந்த அதிர்வெண்ணை ஒட்டியும் இயங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை எங்கே நிற்கிறது என்று கைபேசியில் நாம் திறந்து பார்க்கும் சென்னை ரேடார் படம், துறைமுகத்தில் உள்ள வானிலை ரேடார் அனுப்பும் சுமார் 10 சென்டிமீட்டர் அலையால் வரையப்படுவது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1895ஆம் ஆண்டிலேயே மில்லிமீட்டர் அளவிலான அலைகளை உண்டாக்கிக் காட்டினார். 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய, நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாய் போர்க்கால ரேடார்களில் ஏறியது. அந்தக் குழாயைத் தயாரித்த அமெரிக்காவின் ரேத்தியான் நிறுவனத்தில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர், அதைக் கொண்டு உணவைச் சூடாக்க 1945இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947இல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரத்துக்கு, 300 கிலோவுக்கு மேல் எடையோடு நின்றது. அதன் பேரப்பிள்ளைதான் நம் சமையல் மேடையில் இருக்கிறது.

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் மனம் கல்பாக்கத்துக்கும் எக்ஸ்ரே அறைக்கும் போய்விடுகிறது. எக்ஸ்ரே ஆபத்தாவதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு ஆற்றல் துணுக்கும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறியும் வலிமை கொண்டது. மரபணு இழை சிதைவது அதனால்தான். நுண்ணலையின் ஆற்றல் துணுக்கு, நாம் படிக்கப் பயன்படுத்தும் சாதாரண விளக்கொளியின் துணுக்கில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. எத்தனை துணுக்குகள் சேர்ந்தாலும் அவை எலக்ட்ரானைப் பிய்ப்பதில்லை, சூடாக்குகின்றன. உணவில் எந்தக் கதிரியக்கமும் தங்குவதும் இல்லை. அடுப்பு நின்ற கணமே அலையும் நின்றுவிடும். ஆகவே இதில் அஞ்ச வேண்டியது சூட்டுக்கு மட்டும்தான். குறிப்பாகக் கண்ணின் வில்லையில் ரத்த ஓட்டம் இல்லாததால் அது சூட்டை எளிதில் வெளியேற்றாது. அதனால்தான் கதவு அவ்வளவு கவனத்தோடு செய்யப்படுகிறது.

அந்தக் கதவை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்கு நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகள் கொண்ட உலோகத் தகடு இருக்கிறது. ஒளியின் அலைநீளம் மிகச் சிறியது என்பதால் அது அந்தத் துளை வழியே வந்து சாம்பார்க் கிண்ணம் நமக்குத் தெரிகிறது; 12 சென்டிமீட்டர் அலைக்கு அந்தத் தகடு சுவர்தான். கதவின் விளிம்பைச் சுற்றி, பிளாஸ்டிக்குக்குப் பின்னால் கால் அலைநீள அளவில், அதாவது சுமார் 3 சென்டிமீட்டரில் ஒரு பள்ளம் ஓடுகிறது. இடுக்கு வழியே கசியப் பார்க்கும் அலையை அது திருப்பி அனுப்புகிறது. தாழ்ப்பாளுக்குள் சிறு சுவிட்சுகள் உண்டு. கதவு திறந்தால் இரண்டு சுவிட்சுகள் மேக்னட்ரானுக்குப் போகும் மின்சாரத்தை அறுக்கும். அவை ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போனால், மூன்றாவது சுவிட்ச் உள்ளே இருக்கும் ஃபியூஸை வேண்டுமென்றே ஊதிவிடும். அடுப்பு செத்துப்போகும், நாம் பிழைப்போம்.

இவ்வளவுக்கும் பிறகு கசியக்கூடிய அலைக்குப் பன்னாட்டு அளவுகோல் ஒன்று இருக்கிறது: அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். சித்திரை மாத நண்பகலில் ஜிஎஸ்டி சாலையைக் கடக்கும்போது நம் தோலின் அதே பரப்பில் விழும் வெயில் ஏறத்தாழ 100 மில்லிவாட். தொலைவு கூடக்கூட கசிவும் வேகமாகக் குறையும். ஒரு முழ தூரத்தில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணையில் மைக்ரோவேவ் அடுப்பும் சேர்க்கப்பட்டது. வாங்கும்போது பின்பக்கத் தகட்டில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கைபேசியை உள்ளே வைத்துக் கதவை மூடி அழைத்துப் பார், மணி அடித்தால் கசிகிறது என்று ஒரு சோதனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பயனற்றது. ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு கிடைத்தால்கூடக் கைபேசிக்குத் தாராளம். நல்ல அடுப்புக்குள்ளும் மணி அடிக்கும். மறந்துபோய் யாராவது பட்டனைத் தட்டினால் கைபேசியின் பேட்டரி தீப்பிடிக்கும் என்பதுதான் அந்தச் சோதனையில் கிடைக்கும் பலன். கதவைச் சோதிக்கக் கண்ணே போதும். கீல் தொங்குகிறதா, கதவு மூடியபின் ஆடுகிறதா, விளிம்பில் துருவோ விரிசலோ உண்டா, எண்ணெய்ப் பிசுக்கு உறைந்து கதவு முழுதாகப் பொருந்தாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் சரிசெய்யும்வரை அடுப்பை நிறுத்திவிட வேண்டும். ஈரத் துண்டுகளைக் கதவில் தொங்கவிடும் பழக்கம் நம் சமையலறைகளில் உண்டு. கீலைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

இனி உணவுக்குள் நடப்பது. நீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின். நொடிக்கு 245 கோடி முறை ஊசலாடும் மின்புலத்தோடு சேர்ந்து திரும்பப் பார்த்து, அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு மோதி, அந்த ஆற்றல் சூடாகிறது. உப்பின் அயனிகளும் இதில் பங்குபெறும். அலை உணவுக்குள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழமே வலுவாக இறங்கும். உப்பு கூடினால் அந்த ஆழமும் குறையும். பெரிய கிண்ணத்தில் சாம்பாரை வைத்தால் ஓரம் கொதித்துத் தெறிக்கும்போது நடுவில் குளிர்ச்சி மிச்சமிருப்பது இதனால்தான். 'உள்ளிருந்து வெளியே வேகும்' என்று பலர் நம்புவது சரியல்ல.

சூடு சீராக இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சுழலும் தட்டையும் அதன் கீழுள்ள வளையத்தையும் எடுத்துவிட்டு, தட்டையான ஒரு கண்ணாடித் தட்டைச் சுழலாதபடி உள்ளே வையுங்கள். அதன்மேல் பொரிக்காத உளுந்து அப்பளங்களை இடைவெளி இல்லாமல் பரப்பி, 20 நொடி மட்டும் ஓடவிட்டுத் திறந்து பாருங்கள். சில இடங்களில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருக்கும். மற்ற இடம் பச்சையாகவே இருக்கும். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரிடத்தில் வலுத்து, ஓரிடத்தில் அழிந்துபோவதன் வரைபடம் அது. அடுத்தடுத்த இரண்டு வெள்ளைத் திட்டுகளின் மையத்துக்கு இடையே ஸ்கேலை வைத்தால் 6 சென்டிமீட்டரை ஒட்டி வரும். அது அரை அலைநீளம். இரண்டால் பெருக்கி, அதிர்வெண்ணாலும் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் என்று ஒளியின் வேகம் கிடைக்கிறது. பிள்ளைகளைப் பின்னால் தள்ளி நிறுத்துவதைவிடப் பக்கத்தில் நிறுத்தி இதைக் காட்டலாம். 20 நொடியைத் தாண்டாதீர்கள். காய்ந்த அப்பளம் தீப்பிடிக்கும். அலையை வாங்கிக்கொள்ள உள்ளே போதிய ஈரம் இல்லாதபோது அது மேக்னட்ரானுக்கே திரும்பி அதைக் கெடுக்கும். காலி அடுப்பை ஓட்டக் கூடாது என்பதும் இதற்காகத்தான்.

அந்தப் பச்சைத் திட்டுகளை மனதில் வைத்துக்கொண்டு பிரிட்ஜிலிருந்து எடுத்த சிக்கன் பிரியாணியைப் பாருங்கள். சுழலும் தட்டு கொஞ்சம் உதவும், ஆனால் லெக் பீஸின் எலும்பை ஒட்டிய பகுதி குளிர்ந்தே இருக்கலாம். மேலே ஆவி பறப்பதை நம்பக் கூடாது. பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறி, மறுபடி ஓட்டி, நின்றபின் இரண்டு மூன்று நிமிடம் மூடியே வைத்தால் சூடு உள்ளே பரவும். எல்லா இடத்திலும் குறைந்தது 70 டிகிரி எட்ட வேண்டும். கோடையில் மாலை நேரத்து லோ வோல்டேஜில் சாதாரண அடுப்பின் சக்தி கணிசமாக இறங்கிவிடும். நேற்று இரண்டு நிமிடத்தில் ஆன வேலை இன்று ஆகாது. கடிகாரத்தைவிட உணவின் நடுப்பகுதியைத்தான் கேட்க வேண்டும். கைக்குழந்தையின் பால் புட்டியை இதில் வைக்கவே வேண்டாம். புட்டி வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் பால் வாயைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும். ஒரு பாத்திரத்து வெந்நீரில் புட்டியை நிறுத்திச் சூடாக்குவதே சரி.

வெந்நீரைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். கேஸ் அடுப்பில் பாத்திரத்தின் அடி, தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். அடியில் உள்ள கீறல்களில் குமிழிகள் பிறந்து மேலே வரும். கொதிப்பதைக் கண் பார்க்கிறது. மைக்ரோவேவில் தண்ணீர்தான் சூடாகிறது, கண்ணாடி டம்ளர் அதைவிடக் குளிர்ந்திருக்கும். வழவழப்பான புது டம்ளரில் குமிழி பிறக்க இடமே கிடைக்காமல், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் கிடக்கும். பார்த்தால் ஆறின தண்ணீர் போலத் தெரியும். அதை எடுத்து ஒரு ஸ்பூன் காபித் தூளைப் போட்ட கணம், தேங்கியிருந்த சூடு மொத்தமும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தத் தீக்காயங்களைப் பற்றித் தனியாகவே எச்சரித்திருக்கிறது. தடுப்பது எளிது. ஐஸ்கிரீம் குச்சியையோ மரக் கரண்டியையோ டம்ளரில் போட்டுவிட்டுச் சூடாக்குங்கள். தேவைக்கு மேல் ஓட்டாதீர்கள். சூடாக்கி மறந்துபோன தண்ணீரை மறுபடி சூடாக்காதீர்கள். நின்றபின் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள்.

முட்டையிலும் இதே கதைதான். அவித்து உரித்த முட்டையைச் சூடாக்கினாலும் மஞ்சள் கருவுக்குள் சிக்கிய நீர் கொதிக்காமல் சூடேறி, பல் பட்டதும் வெடிக்கும். 2017இல் அமெரிக்க ஒலியியல் சங்கக் கூட்டத்தில் இதைச் சோதித்தவர்கள், ஓர் அடி தூரத்தில் 86 முதல் 133 டெசிபல் வரை சத்தம் வந்ததாகச் சொன்னார்கள். முட்டையை வெட்டிவிட்டு வையுங்கள். உருளைக்கிழங்கைக் குத்திவிட்டு வையுங்கள்.

பாத்திரம் நமக்குப் பெரிய சிக்கல், ஏனென்றால் நம் சமையலறையில் முக்கால்வாசி எவர்சில்வர். உலோகம் அலையைத் திருப்பிவிடுவதால் உணவு மேலாக மட்டும் சூடாகும். கூர்முனையும் மெல்லிய விளிம்பும் உள்ள இடத்தில் பொறி பறக்கும். தங்க, வெள்ளிக் கோடு போட்ட பீங்கான் கோப்பையும் அப்படித்தான். மெலமைன் தட்டு கூடாது. ஒரு பாத்திரம் தகுமா என்று தெரியவில்லையா? காலியாக அதையும் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பாத்திரம் சுட்டால் வேண்டாம். உலோகத்துக்கும் உலோகக் கோடு போட்டதற்கும் இந்தச் சோதனையே தேவையில்லை.

பார்சல்தான் தாம்பரத்துப் பக்கத்தின் அன்றாடம். சாம்பார் வரும் சில்வர் கவரில் அலுமினியப் படலம் உண்டு. அப்படியே உள்ளே வைத்தால் பொறியும் தீயும் வரும். பில்லைக் குத்திய ஸ்டேப்ளர் பின்னும் உலோகம். பரோட்டா சுற்றிய செய்தித்தாளின் மை உணவில் ஒட்டுவதே கேடு, அது எரியவும் செய்யும். பிரியாணி வரும் கறுப்பு டப்பாவின் அடியில் 5 என்று முக்கோணத்துக்குள் போட்டிருந்தால் பாலிப்ரொப்பிலீன், உருகாது. ஆனால் 'மைக்ரோவேவ் சேஃப்' என்ற சொல், டப்பா உருகாது என்பதற்குத்தான் உறுதி தருகிறது. எதுவும் கலக்காது என்று அதற்குப் பொருள் இல்லை. நெய்யும் எண்ணெயும் 100 டிகிரிக்கு மேல் போய்ப் பிளாஸ்டிக்கை இளக்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை உணவு டப்பாக்களை மூன்று நிமிடம் சூடாக்கியபோது சில டப்பாக்களின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்தே 42 லட்சம் வரையான நுண்பிளாஸ்டிக் துகள்கள் வெளிவந்தன. அவை உடலுக்குள் என்ன செய்கின்றன என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. பீங்கானுக்கோ கண்ணாடிக்கோ மாற்ற அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைச் செலவழியுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன்.

காலையில் வடித்த சோறு மேடையில் கிடக்கிறது, இரவு பத்து மணிக்குச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. சரியாகாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் பிழைக்கும். நம் ஊர் வெப்பத்தில் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சோற்றில் விடும். அந்த நஞ்சு 120 டிகிரியிலும் அழியாது. எவ்வளவு ஆவி பறந்தாலும் அது அங்கேயே இருக்கும். சோறு மிஞ்சும் என்று தெரிந்தால் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். 2019 ஜூனில் சேலையூரிலும் 2022 நவம்பரில் ஊரப்பாக்கத்திலும் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய விபத்தின் புகையில், ஒவ்வொரு இடத்திலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவற்றில் மைக்ரோவேவுக்குப் பங்கில்லை. ஆனால் மின்சாதனம் மூடிய வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை அந்த இரண்டு வீடுகளும் நமக்குத் தெரிவித்துவிட்டன. 20 லிட்டர் சாதாரண மைக்ரோவேவ் 1100, 1200 வாட் இழுக்கும். கிரில், கன்வெக்‌ஷன் உள்ளது 2000 வாட்டைத் தாண்டக்கூடும். 6 ஆம்ப்ஸ் எக்ஸ்டென்ஷன் பெட்டி அதற்கானது அன்று. சுவரில் உள்ள 16 ஆம்ப்ஸ் பவர் பிளக்கில், தனி லைனில் நேராகச் செருக வேண்டும். ஐந்து நிமிடம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. மூன்றாவது முனை எர்த். உலோகப் பெட்டியில் கசிவு ஏற்பட்டால் உயிரைக் காப்பது அதுவே. பழைய தனி வீடுகளில் எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள், மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்கள். பின்னாலும் மேலேயும் காற்று போக ஒரு சாண் விடுங்கள். அந்தப் பூத்துணியை எடுத்துவிடுங்கள். உள்ளே ஏதாவது எரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்துக் காத்திருந்தால் காற்றில்லாமல் அணைந்துவிடும்.

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தென்சென்னையின் பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. அப்படி நனைந்த அடுப்பைக் காயவைத்து ஓட்டிப் பார்ப்பது விபரீதம். உள்ளே 2000 வோல்ட்டைத் தரும் டிரான்ஸ்ஃபார்மரும், அதை 4000 வோல்ட் வரை உயர்த்தும் மின்தேக்கியும் இருக்கின்றன. சேறு படிந்த காப்பு அதைத் தாங்காது. கதவின் பள்ளத்தில் துரு ஏறியிருக்கும். பழைய சாமான் விற்கும் இடத்தில் மலிவாகக் கிடைக்கும் அடுப்பின் உட்சுவரில் துருத் திட்டுகளோ திருகுகளில் சேற்றுக் கறையோ தெரிந்தால் வாங்காதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கலாம். யூடியூப் பார்த்துத் திருகைக் கழற்றும் வேலை இதில் வேண்டவே வேண்டாம். காயலான் கடையில் செம்புக் கம்பிக்காக இதை உடைப்பவருக்கும் இதே ஆபத்து. சில பழைய மேக்னட்ரான்களின் வெள்ளைப் பீங்கான் வளையத்தில் பெரிலியம் ஆக்சைடு உண்டு. உடைத்தால் அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஆயுள் முடிந்த அடுப்பை 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். வெள்ளத்தில் நனைந்த அடுப்பாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கி அதன் வயரை வெட்டி எடுத்துவிட்டுக் கொடுங்கள். வாங்குபவர் அதை இன்னொரு வீட்டில் ஓட்டிப் பார்க்க முடியாது.